பவளப்பாறைக்குப் போகும் முன் மிதக்கப் பழகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் ஸ்கூபா கருவிகளோடு, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி நீருக்குள் மூச்சுவிட்டபடி, பவளப்பாறை பார்த்து வந்ததைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. பாடப்புத்தகத்தில் அரைப்பக்கப் படமாக மட்டும் பார்த்த ஓர் உயிரை அது வாழும் இடத்துக்கே போய்ப் பார்ப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். ஸ்கூபா பயிற்சி பெற்று, மாணவர்களைக் கடலுக்கு அழைத்துப் போய் வருகிறவள். அதனாலேயே கட்டுரையோடு வந்த பெரிய படத்தை என்னால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

படத்தில் மாணவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஆமாம், நிற்கிறார்கள். உடம்பு செங்குத்தாக இருக்கிறது, கால் துடுப்புகள் கீழே கிளைப்பவளத்தின் மேல் ஊன்றியிருக்கின்றன. ஓரத்தில் இருக்கும் பெண் தடுமாறி விழாமலிருக்க ஒரு பவளத்தைக் கையால் பற்றியிருக்கிறாள். பாதிப் பேர் கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்கள். நீருக்குள் அந்தச் சைகைக்கு ‘மேலே போகிறேன்’ என்று பொருள். ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்லக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். முதல் வகுப்பில் முதல் அரைமணி நேரத்தில் சொல்லித் தருகிற விஷயம் இது. அதுகூடத் தெரியாமல்தான் அந்தப் பிள்ளைகளை இறக்கியிருக்கிறார்கள் என்பது படத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பிள்ளைகள் மேல் ஒரு குறையும் இல்லை. அழைத்துப் போனவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மாணவர்களைத் தாராளமாகப் பவளப்பாறைக்கு அழைத்துப் போங்கள். ஆனால் நீருக்குள் ஓரிடத்தில் எதையும் தொடாமல் மிதந்து நிற்க முதலில் பழக்குங்கள். அது வராதவரை ஸ்கூபாவோடு பாறைப் பக்கம் இறக்காதீர்கள்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். பவளம் பார்ப்பதற்குக் கல் மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சுண்ணாம்பு எலும்புக்கூட்டின் மேல் மெல்லிய தோலாகப் படர்ந்திருப்பது உயிர்த்தசை. கை பட்டால், துடுப்பு உரசினால், அந்தத் தசை தனக்குக் கீழே இருக்கும் கூரான சுண்ணாம்பிலேயே அழுந்திக் கிழிகிறது. கிழிந்த இடத்தில் பாசி குடியேறும், நோய் நுழையும். கிளைப்பவளங்கள் வேகமாக வளர்பவை, சாதகமான நிலையில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட நீளும். உருண்டைப் பாறையாக வளரும் போரைட்டிஸ் வகையோ ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒரு போரைட்டிஸ் பவளத்தின் வயதை இதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மிதக்கத் தெரியாத மாணவர் அப்படிப்பட்ட பவளத்தின் மேல்தான் முட்டிபோட்டு உட்காருகிறார்.

கிளைப்பவளம் ஒடிவதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பெரிய சத்தமெல்லாம் கிடையாது. துடுப்பின் நுனி லேசாகத் தட்டும், சுண்டுவிரல் அளவு துண்டு ஒன்று சுழன்றுகொண்டே கீழே போகும். ஒடிந்த முனை பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். உதைத்தவருக்குத் தெரியவே தெரியாது. அவர் முன்னால் போகும் ஒரு மீனைப் பார்த்துக்கொண்டிருப்பார், துடுப்பு அவருக்குப் பின்னால் அரை மீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். வேண்டுமென்று யாரும் உடைப்பதில்லை. அதனால்தான் ‘தொடாதீர்கள்’ என்று படகில் சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது என்கிறேன்.

இது என் அனுபவம் மட்டுமில்லை. கரீபியன் கடலில் உள்ள செயின்ட் லூசியா தீவில் ஸ்கூபா செய்பவர்களை நீருக்குள் பின்தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2004-இல் வெளியானது. பாறையைத் தொட்டவற்றில் பெரும்பாலானவை துடுப்பு உதைகள். படகில் தந்த சுருக்கமான அறிவுரையால் அந்த எண்ணிக்கை குறையவில்லை. வழிகாட்டி நீருக்குள்ளேயே குறுக்கிட்டுத் திருத்தியபோது குறைந்தது. செங்கடலில் ராஸ் முகமது தேசியப் பூங்காவில் நடந்து 1997-இல் வெளியான இன்னோர் ஆய்வில், படங்களோடு விரிவாக விளக்கம் தந்து, அப்புறம் நீருக்குள் செய்தும் காட்டியிருக்கிறார்கள். அங்கே தொடுகைகள் நன்றாகவே குறைந்தன. ஆக, வாயால் சொல்வது வேறு, உடம்புக்குப் பழக்குவது வேறு.

சரி, மிதந்து நிற்பது என்றால் என்ன? மேலேயும் போகாமல் கீழேயும் அமிழாமல், வயிறு தரையைப் பார்த்தபடி, கையை மார்போடு கட்டிக்கொண்டு, கால் அசைக்காமல் ஓரிடத்தில் இருப்பது. அணிந்திருக்கும் ஜாக்கெட்டில் காற்றைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓரளவு சரிசெய்யலாம். நுணுக்கமான வேலையைச் செய்வது நுரையீரல்தான். மூச்சை இழுத்தால் உடம்பு மெல்ல எழும்பும், விட்டால் மெல்ல இறங்கும். சிக்கல் எங்கே என்றால், இழுத்தவுடன் எழும்பாது. ஒன்றிரண்டு விநாடி தாமதமாகும். புதிதாக வருபவர் அந்த இடைவெளியில் பதறி இன்னும் இழுப்பார், திடீரென்று மேலே போவார், உடனே ஜாக்கெட்டின் காற்றை எல்லாம் விட்டுவிட்டுக் கல் மாதிரி கீழே விழுவார். அந்த இரண்டு விநாடியைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவதுதான் முழுப் பயிற்சியுமே. நீச்சல் குளத்தின் அடியில் குப்புறப் படுத்து, துடுப்பு நுனி மட்டும் தரையில் பட, மூச்சால் மட்டும் மார்பை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சி ஒன்று உண்டு. சலிப்பாக இருக்கிறது என்று மாணவர்கள் முணுமுணுப்பார்கள். நான் விடுவதில்லை.

எடைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அவசரமாக நடத்துகிறவர்கள் புதியவர் இடுப்பில் தேவைக்கு மேல் ஈயக்கட்டிகளைக் கட்டிவிடுவார்கள், சீக்கிரம் கீழே போகட்டும் என்று. எடை கூடினால் ஜாக்கெட்டில் காற்று கூட ஏற்ற வேண்டும். மேல்பாதி மேலே இழுக்க, இடுப்பு கீழே இழுக்க, உடம்பு செங்குத்தாகிவிடும். உங்கள் படத்தில் இருப்பது இதுதான். சரியான எடையைப் பார்ப்பது சுலபம். ஜாக்கெட்டில் காற்றை வெளியேற்றிவிட்டு, சாதாரணமாக மூச்சைப் பிடித்து அசையாமல் இருந்தால் நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் அமிழ வேண்டும். சிலிண்டர் காலியாகக் காலியாக இரண்டு கிலோவுக்கு மேல் இலேசாகும், அதையும் சேர்த்துக் கணக்குப் பண்ண வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம் பிடிக்கிற வேலை.

இப்போது பெற்றோர் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். பவளத்தைக் காப்பாற்றுகிற இந்தத் திறமைதான் உங்கள் பிள்ளையையும் காப்பாற்றுகிறது. ‘அஞ்சாறு மீட்டர் ஆழம்தானே, என்ன ஆகிவிடும்?’ என்று பயண ஏற்பாட்டாளர் ஒருவர் என்னிடமே கேட்டார். ஆழம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று தோன்றுவது இயல்பு. அழுத்தக் கணக்கைப் பார்த்தால் அப்படி இல்லை. நீர்மட்டத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம். பத்து மீட்டரில் இரண்டு, இருபது மீட்டரில் மூன்று. இருபதிலிருந்து பத்துக்கு ஏறும்போது நுரையீரலுக்குள் இருக்கும் காற்று ஒன்றரை மடங்காகப் பெருகும். பத்திலிருந்து மேல்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்காகும். அதாவது மேலே இருக்கும் பத்து மீட்டரில்தான் மாற்றம் மிக வேகம். சிலிண்டரிலிருந்து காற்றை நிறைய இழுத்துக்கொண்டு, பயத்தில் மூச்சை அடக்கியபடி ஒருவர் மேலே பாய்ந்தால், சில மீட்டர் ஆழத்திலிருந்துகூட நுரையீரல் கிழியலாம். காற்றுக் குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். ஸ்கூபாவில் முதல் விதியாக ‘மூச்சை ஒருபோதும் அடக்காதே’ என்று சொல்லிக் கொடுப்பது இதனால்தான். மிதந்து நிற்கத் தெரிந்தவருக்கு மூச்சு நிதானமாக ஓடும், அவர் தானாக மேலே பாய மாட்டார். தெரியாதவர் பாறையைப் பிடித்துக்கொள்வார், பிடி நழுவினால் மேலே போய்விடுவார்.

பயிற்சி அமைப்புகள் இதையெல்லாம் எழுதியே வைத்திருக்கின்றன. உலகெங்கும் பரவலாக நடக்கும் பாடி (PADI) என்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பின் அடிப்படைச் சான்றிதழுக்கு 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும், குளத்துப் பயிற்சியை முடித்துவிட்டுக் கடலில் நான்கு முறை இறங்கிக் காட்ட வேண்டும். அதற்கு அப்புறமும் 18 மீட்டர்தான் எல்லை. சான்றிதழ் இல்லாமல் ஒருமுறை முயன்று பார்க்கும் ஏற்பாடும் உண்டு, அதற்கு 12 மீட்டர் எல்லை. அந்த ஏற்பாடு தப்பு என்று நான் சொல்லவில்லை. நல்ல பயிற்சியாளர் ஒருவர் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு மணல் தரையில் செய்தால் அருமையான தொடக்கம். ஒரு வகுப்பையே காலை முதல் மாலைக்குள் பவளத்தின் மேல் இறக்கி ஏற்றுவதற்கு அது ஏற்பட்டதில்லை.

‘எல்லோருக்கும் குளத்துப் பயிற்சி தர நேரம் எங்கே?’ என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். என் பதில்: எல்லோரும் ஸ்கூபாவோடு இறங்கியாக வேண்டும் என்று யார் சொன்னது? முகமூடியும் மூச்சுக்குழலும் போட்டு மேலே மிதந்தபடி பார்க்கலாம். மிதப்பு ஜாக்கெட் அணிந்து, பக்கத்தில் ஆள் இருந்தால், நீச்சலில் தயங்குபவருக்குக்கூட இது முடியும். வெளிச்சம் அதிகம் கிடைக்கும் ஆழமற்ற பகுதியில்தான் பவளம் செழித்து வளர்கிறது. ஐந்து மீட்டருக்குக் கீழே போகப் போகச் சிவப்பு நிறம் மங்கிவிடும், ஆழமற்ற இடத்தில் நிறங்கள் கூடுதலாகத் தெரியும். கிளிமீன் பவளத்தைக் கடித்து நொறுக்கும் கறகற சத்தத்தை மேலே மிதந்தபடியே கேட்கலாம். அது தின்று வெளியேற்றும் சுண்ணாம்புத் தூள்தான் வெப்பமண்டலக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் ஒரு பகுதி என்று அப்போது சொன்னால், எந்த மாணவரும் அதை மறக்க மாட்டார். மேலிருந்து பார்த்தவர்களை இரண்டாம் தரமாக நடத்தாமல் இருந்தால் போதும்.

என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பில் சேரும்போது நீச்சலே தெரியாதவள். தண்ணீரில் முகத்தை வைக்கவே நாளாயிற்று. ஒரு பருவம் முழுக்கக் குளத்தில் உழைத்தாள். கடலில் மற்றவர்கள் மீன்களைத் துரத்திக்கொண்டு அங்குமிங்கும் போக, இவள் ஒரு பெரிய பவளத்துக்கு முன்னால், கைக்கு எட்டாத தூரத்தில், அசையாமல் நின்றாள். அங்கே ஒரு களவா மீன் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. விரல் நீளத்துக்கு, நீலமும் கறுப்பும் கோடு போட்ட சுத்தக்கார மீன் ஒன்று அதன் செவுளுக்குள் புகுந்து, வாய் வழியாக வெளியே வந்து, ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்றது. களவா சிலிர்த்து ஒரு குலுக்கல் குலுக்கியதும் சின்னது விலகிக்கொண்டது, பின்னாலேயே இன்னொரு மீன் வந்து நின்றது. இவள் பக்கத்தில் இருப்பதை அவை பொருட்படுத்தவே இல்லை. அசையாமல் இருப்பவருக்குத்தான் பவளப்பாறை தன் வேலைகளைக் காட்டும். வேகமாக வந்து போனவர்கள் ‘நிறைய மீன் இருந்தது’ என்றார்கள், இவள் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

போகிற இடத்தில் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் 2002 முதல் நடக்கிறது. அவர்கள் தரும் நிற அட்டையில் நான்கு வகை நிறங்கள், ஒவ்வொன்றும் ஆறு படிகளில் வெளிறலிலிருந்து அடர்த்தி வரை இருக்கும். பவளத்தின் மிக வெளிறிய இடத்தையும் மிக அடர்ந்த இடத்தையும் அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தொடாமல், மூச்சுக்குழலோடும் செய்யலாம். எங்கள் மாணவர் இருவர் ஒரே பவளத்துக்கு வேறு வேறு எண் குறித்துவிட்டுப் படகில் நெடுநேரம் வாதாடினார்கள். கடைசியில் ஒருவருடைய நிழல் பவளத்தின் மேல் விழுந்திருந்தது என்று தெரிந்தது. அளவிடுவது என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் என் வகுப்பறையில் நடந்ததில்லை. இன்னும் கொஞ்சம் தேர்ந்தவர்களுக்கு 1996-இல் தொடங்கிய ரீஃப் செக் முறை இருக்கிறது. நூறு மீட்டர் அளவு நாடாவை விரித்து, வண்ணத்துப்பூச்சி மீன், களவா, ராட்சதச் சிப்பி, சிங்கி இறால், கடல் முள்ளெலி என்று குறிப்பிட்ட உயிர்களை எண்ணுவது. விஞ்ஞானிகள் இல்லாதவர்களையே மனதில் வைத்து உருவான முறை. ஆனால் பென்சிலால் பலகையில் எழுதிக்கொண்டே மிதக்கத் தெரிந்திருக்க வேண்டும், மறுபடியும் அங்கேதான் வந்து நிற்கிறோம்.

இந்தப் பதிவுகளுக்கு இன்று மதிப்பு அதிகம். பவளத் தசைக்குள் வாழும் நுண்பாசிதான் அதன் உணவில் தொண்ணூறு சதவீதம் வரை தயாரித்துத் தருகிறது. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் அந்த உறவு முறிகிறது, பாசி வெளியேறிப் பவளம் வெளிறிவிடுகிறது. 1998, 2010, 2014 முதல் 2017 வரை என்று உலக அளவில் மூன்று முறை நடந்தது. நான்காவது 2023-இல் தொடங்கியது, 2024 ஏப்ரலில் அதை உறுதிப்படுத்தி அறிவித்தார்கள். உலகப் பவளப்பாறைப் பரப்பில் சுமார் 84 சதவீதத்தை வெளிறச் செய்யும் அளவு வெப்பம் தாக்கியது. வெளிறிய பவளம் உடனே செத்துப்போவதில்லை, நீர் சீக்கிரம் குளிர்ந்தால் தேறிக்கொள்ளும். நோயிலிருந்து எழுகிற ஒருவரை நாம் இடித்துத் தள்ள மாட்டோம். வெப்பத்தை ஒரு கல்லூரி நிறுத்திவிட முடியாது, துடுப்பை நிறுத்த முடியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கேள்விப் படிவத்தில் ஆஸ்துமா, காதுக் கோளாறு, வலிப்பு எதையும் மறைக்காதீர்கள். பயணம் தவறிப்போகும் என்று பிள்ளைகள் மறைப்பார்கள், பெற்றோர் அதற்குத் துணைபோகக் கூடாது. சளி பிடித்தவர் அன்றைக்கு இறங்கக் கூடாது, காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாமல் செவிப்பறை கிழியலாம். பல முறை இறங்கியவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், கடைசி நாளில் கடலை வைத்துப் பயணத் திட்டம் போடாதீர்கள். பவளத்துக்குக் கெடுதல் என்று ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடுத்திருக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டுவிட்டால் அந்தப் பிரச்சினையே பாதி தீர்ந்தது. முதன்முறை இறங்குகிறவர் கையில் கேமரா வேண்டவே வேண்டாம். கையுறையும் கொடுக்காதீர்கள், அது இருந்தால் தொடத் துணிச்சல் வரும். பவளத்தின் நடுவே கல் போலவே கிடக்கும் கல்மீனின் முள் கையுறையையும் துளைக்கும்.

பயணம் பற்றிய சுற்றறிக்கை வீட்டுக்கு வரும்போது பெற்றோர் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். கடலுக்கு முன் குளத்தில் எத்தனை மணி நேரம் பயிற்சி? கடலில் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்? முதல் முறை இறங்கும் இடம் மணல் தரையா, பவளத்தின் மேலா? மிதந்து நிற்க வராத மாணவருக்கு அன்று என்ன மாற்று ஏற்பாடு? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் ஏற்பாட்டாளரிடம் பிள்ளையை நம்பி அனுப்பலாம். ‘அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்’ என்று மட்டும் பதில் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி இப்படியான கட்டுரைக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது, பவளத்தின் மேல் நிற்கும், பிடித்திருக்கும் படங்களைத் தவிர்த்துவிடுங்கள். அடுத்த கல்லூரி அதைப் பார்த்துத்தான் திட்டம் போடும். இந்தக் கடிதத்துக்கு இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள், அந்த நான்கு கேள்விகளை மட்டும் வெட்டாமல் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியை